அடையாளம் கேட்பவர்

ஜெபிக்கிறவர்களில் பல இனங்கள் உண்டு, வாசகரே. மூச்சுக்கு மூச்சு ‘ஆண்டவரே’ போட்டு, அதையே காற்புள்ளியாகவும் முற்றுப்புள்ளியாகவும் பயன்படுத்துபவர் ஓர் இனம். பக்கத்து வீட்டுக்காரன் தன் அண்ணனுக்குத் தெரியாமல் மாட்டை விற்றுவிட்ட செய்தியை, ஆண்டவருக்கு அறிவிக்கிற சாக்கில் சபை முழுவதற்கும் ஒலிபரப்புகிறவர் இன்னோர் இனம். இவர்களை நீங்கள் எத்தனையோ பார்த்திருப்பீர்கள். இன்றைக்கு நாம் கிட்டே போய்ப் பார்க்கப்போவது வேறு இனம். சத்தம் போடாது, யாரையும் கடிக்காது, நகரவும் நகராது. பெயர்: அடையாளம் கேட்பவர்.

இவருக்கு வாழ்க்கையின் நோக்கம் தெரிந்தாக வேண்டும். நல்ல ஆசைதானே? ஆண்டவர் தன்னை எதற்காகப் படைத்தார், எங்கே போகச் சொல்கிறார், யாரோடு போகச் சொல்கிறார் என்று கேட்பதில் என்ன தப்பு? ஒரு தப்பும் இல்லை. ஆனால் இவர் செருப்பில் கால் நுழைப்பதற்கு முன்பே பதில் வந்துவிட வேண்டும். வந்த பதிலை இன்னொரு பதில் உறுதிப்படுத்த வேண்டும். அந்த இரண்டாம் பதில் தற்செயலாக வந்ததில்லை என்பதற்கு மூன்றாவதாக ஒன்று வேண்டும். அதற்குள் செருப்பு பழசாகிவிடும்.

ருமேனியாவில் எங்கள் பெயூஷ் ஊரின் பாப்திஸ்து சபையில் இந்த இனத்தின் மிகச் சிறந்த மாதிரியைப் பார்க்கலாம். ஒத்னியேல் புர்க்கா. நாற்பதை எட்டிப் பார்க்கிற வயது. மரச்சாமான் தொழிற்சாலையில் நாற்காலிக் கால் கடைகிறவர். சபையின் பித்தளை வாத்தியக் குழுவில் டியூபா ஊதுகிறவர்; அந்த வாத்தியத்துக்குள் ஒரு பன்றிக்குட்டியைத் தாராளமாகக் கட்டிவைக்கலாம். கடைசல் எந்திரத்தின் முன்னால் நின்றால் ஒத்னியேல் ஒரு கணம் தயங்கமாட்டார். கட்டையைப் பார்ப்பார், உளியை வைப்பார், கால் பிறந்துவிடும். முட்டைக்கோஸ் இலையில் அரிசியும் இறைச்சியும் பொதிந்து அவர் அம்மா ரஃபிலா செய்கிற சர்மாலேயை இரண்டாம் தட்டு வாங்கும்போதும் தேவசித்தம் என்னவென்று அவர் விசாரித்ததில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்.

“ஜெபத்துல வைக்கிறேன்.”

சபைக்கு வெள்ளையடிக்க வருகிறீரா என்றால், ஜெபத்துல வைக்கிறேன். அவருக்குத் தெளிவு கிடைத்தபோது சுவர் காய்ந்து, அதில் பிள்ளைகள் படம் வரைந்து, அதையும் யாரோ துடைத்திருந்தார்கள். ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கிறீரா என்றால், ஜெபத்துல வைக்கிறேன். அந்த வகுப்புப் பிள்ளைகளில் ஒருவன் இப்போது பாடம் எடுக்கிறான்.

கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரல் வைத்துப் பார்க்கிற பழக்கமும் உண்டு. ஒருமுறை விரல் புறாக்குஞ்சு பலியிடுகிற பகுதியில் நின்றது. யாருடைய வீட்டில் புறா வளர்க்கிறார்கள் என்று ஒரு வாரம் ஊரைச் சுற்றினார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. தமாரிஸ் விஷயம் அப்படியில்லை.

தமாரிஸ் பேக்கரியில் வேலை செய்கிறாள். சபையின் மேண்டலின் குழுவை நடத்துகிறாள். ஞாயிறு மாலை பயிற்சி முடிந்ததும், ஒரு தோளில் டியூபா, மறு கையில் அவளுடைய மேண்டலின் என்று ஒத்னியேல் அவளை வீடுவரை கொண்டுபோய் விடுவார். இது ஏழெட்டு வருஷமாக நடக்கிறது. வழியில் மழையைப் பற்றிப் பேசுவார்கள், பிளம் காய்ப்பைப் பற்றிப் பேசுவார்கள், இரண்டாம் சரணத்தில் அவர் அடிக்கடி முந்திவிடுவதைப் பற்றி அவள் பேசுவாள். வாசலில் அவர் மேண்டலினைக் கொடுப்பார். அவள் வாங்கிக்கொண்டு கொஞ்சம் நிற்பாள். அவரும் நிற்பார். பிறகு அவர் தொப்பியைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். ஊரில் நாய்க்குக்கூட விஷயம் புரிந்துவிட்டது.

ஒருமுறை அவளே கேட்டாள்.

“ஒத்னியேல் பிரதர், நாம ரெண்டு பேரும் எந்தக் கணக்குல சேர்த்தி?”

“அதை ஜெபத்துல வச்சிருக்கேன், சிஸ்டர்.”

“எங்க வச்சீங்கன்னாவது ஞாபகம் இருக்கா?”

போன மாதம் ஸ்பெயினிலிருந்து அவளுடைய சித்தி மகள் பேசினாள். கஸ்தெயோன் நகரத்து பேக்கரியில் இடம் இருக்கிறது, உடனே வா என்றாள். வெள்ளிக்கிழமை விடிகாலையில் சந்தைத் திடலிலிருந்து ஸ்பெயின் வேன் கிளம்பும். எங்கள் ஊரில் பாதிப் பேரை அந்த வேன்தான் அள்ளிக்கொண்டு போயிருக்கிறது. தமாரிஸ் வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். ஞாயிறன்று வாசலில் ஒத்னியேலிடம் சொன்னாள். அவர் “ஜெப...” என்று தொடங்கினார். அவள் மேண்டலினைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நம்மாள் இப்போது என்ன செய்வார்? ஓடிப்போய்க் கதவைத் தட்டுவார் என்கிறீர்களா? இந்த இனம் கதவைத் தட்டாது.

வேதத்தில் வருகிற ஒருவர் ஆட்டுத்தோலை இரவில் வெளியே போட்டு, பனி தோலில் விழுகிறதா தரையில் விழுகிறதா என்று பார்த்து ஆண்டவருடைய மனதை அறிந்துகொண்ட கதை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். மற்ற நாட்டு விசுவாசிகள் அதைக் கேட்டுப் புல்லரித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு நாலு ஆட்டுத்தோல் கிடக்கிறது, அதுதான் ஆபத்து. ஒத்னியேல் ஒன்றை எடுத்துப் பிளம் மரத்தடியில் விரித்தார். தோல் காய்ந்திருந்தால் தமாரிஸைக் கேட்பது. நனைந்திருந்தால் விட்டுவிடுவது. தெளிவான ஒப்பந்தம்.

காலையில் பார்த்தால் தோலின்மேல் வீட்டு நாய் சுருண்டு படுத்திருந்தது.

ரஃபிலா வாசலுக்கு வந்தாள். “டேய் ஒத்னி, நல்ல தோலைக் கொண்டாந்து பனியில போட்டது யாருடா?”

“நான்தாம்மா. ஒரு விஷயம் தெரியணும்.”

“அந்தத் தோலுக்கு என்னடா தெரியும்? அது ஆடா இருந்தப்பவே அதுக்கு ஒண்ணும் தெரியாது.”

அவர் நேரே பாஸ்டர் ஃபிலிமோன் வீட்டுக்குப் போனார். பாஸ்டர் தேன்கூட்டுப் பெட்டிகளுக்கு நடுவில் வலைத்தொப்பியோடு நின்றிருந்தார்.

“பாஸ்டர், ஓரமெல்லாம் நனைஞ்சிருக்கு. நடுவுல மட்டும் காய்ஞ்சிருக்கு. நடுவுல நாய் படுத்திருந்துச்சு. இதை எப்படி எடுத்துக்கிறது?”

“நாய்க்குக் குளிருதுன்னு எடுத்துக்க.”

“விளையாடாதீங்க பாஸ்டர். நான் தப்பான வழியில போயிட்டேன்னா?”

“ஆண்டவர் உனக்கு ரோடு போட்டுக் குடுத்துட்டாரு. நீ ஒவ்வொரு கல்லாப் பேத்து, அடியில உன் பேரு எழுதியிருக்கான்னு பாத்துக்கிட்டிருக்க.” பாஸ்டர் வலையைத் தூக்கினார். “ஒண்ணு கேக்குறேன். அந்தப் பொண்ணு வேணும்னு உனக்கு ஆசை இருக்கா இல்லையா?”

“என் ஆசை முக்கியமா, பாஸ்டர்?”

“அந்தப் பொண்ணுக்கு முக்கியமா இருக்கலாம்ல?”

இதற்கு அவர் என்ன பதில் சொன்னார் என்பதை உங்கள் ஊகத்துக்கு விடுகிறேன்.

வியாழன் வந்தது. வியாழன் மாலை எங்களுக்கு ஜெபக்கூட்டம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். எல்லாரும் திரும்பி மண்டியிட்டு, பெஞ்சில் முழங்கையை ஊன்றி, முகத்தைக் கைகளில் புதைத்துக்கொள்வார்கள். மனம் ஏவப்பட்டவர் சத்தமாக ஜெபிப்பார், முடிந்ததும் அடுத்தவர். ஒருவர் ஜெபிக்கும்போது குறுக்கே பேசக்கூடாது. தலையைத் தூக்கக்கூடாது. மனிதரோடு மனிதர் பேசவே கூடாது. எல்லாப் பேச்சும் மேல்நோக்கித்தான். எத்தனை சண்டைகள் இந்த விதியால் கௌரவமாக நடந்திருக்கின்றன!

வயிற்றுவலிக்காக ஒருவர் ஜெபித்தார். மழைக்காக ஒருவர். பிறகு பெண்கள் பக்கத்திலிருந்து தமாரிஸின் குரல் எழுந்தது.

“ஆண்டவரே, நாளைக்கு விடிகாலையில வேன் வருதுன்னு உமக்குத் தெரியும். இந்த ஊர்ல ஒருத்தர் என்னைப் பத்தி உம்மகிட்ட வருஷக்கணக்கா கேட்டுக்கிட்டே இருக்காரு. என்கிட்ட ஒரு தடவைகூட கேக்கல. அவர் கட்டிக்கப்போறது உம்மையா, என்னையா? எனக்கும் உம்ம மேல பக்தி இருக்கு, ஆண்டவரே. ஆனா எனக்கு முப்பத்தஞ்சு ஆகப்போகுது. ஆமென்.”

‘ஆமென்’ என்று பெண்கள் பக்கம் முழுவதும் அதிர்ந்தது. ஆண்கள் பக்கத்தில் யாரோ இருமினார்கள். முகங்கள் கைகளிலேயே இருந்தன. விரல்களுக்கு நடுவில் மட்டும் இடைவெளி விழுந்தது.

ஒத்னியேலின் காது சிவந்தது. வாய் திறந்தது. “ஆண்டவரே... உமக்குச் சித்தமானால்... நீர் ஒரு வாசலைத் திறந்து... அல்லது அடைத்து...” அங்கேயே நின்றுபோயிற்று. திறந்ததா அடைத்ததா என்று அவருக்கே தெரியவில்லை.

ரஃபிலாவால் பொறுக்க முடியவில்லை. “ஆண்டவரே, இவன் என் வயித்துல இருந்தப்பவே பத்து நாள் பிந்தித்தான் வந்தான். இவன் வாயை நீர் திறவும். இல்லேன்னா நான் எந்திரிச்சு வந்து திறக்கிறேன். ஆமென்.”

“ஆமென்!” இந்தத் தடவை ஆண்கள் பக்கமும் சேர்ந்துகொண்டது.

“ஆண்டவரே,” என்றார் ஒத்னியேல். “எனக்குப் பயம். நானா ஒண்ணைத் தேர்ந்தெடுத்து, அது கெட்டுப்போச்சுன்னா, யாரைச் சொல்றதுன்னு பயம். நீர் சொன்னதா இருந்தா உம்மைச் சொல்லிக்கலாம்னு இருந்தேன். மன்னியும். எனக்கு அவங்க வேணும். ஞாயித்துக்கிழமை மட்டுமில்ல, எல்லாக் கிழமையும் வேணும். இதை அவங்ககிட்ட சொல்லும்.”

பிறகு தமாரிஸின் குரல், முன்னைவிட மெல்ல: “ஆண்டவரே, உமக்கு ஏன் சிரமம்? அவரையே என்கிட்ட சொல்லச் சொல்லும்.”

அப்போது அந்தச் சபையில் யாரும் கண்டிராத காரியம் நடந்தது. ஜெபத்தின் நடுவில் ஒருவர் எழுந்து நின்றார். நடுப்பாதையைத் தாண்டிப் பெண்கள் பக்கம் போய் நின்றார்.

“தமாரிஸ், என்னைக் கட்டிக்கிறியா? போகாதே.”

‘நீங்க’ என்பது ‘நீ’ ஆனதை எல்லா விரலிடுக்குகளும் கவனித்தன. தமாரிஸ் நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது, நாக்கு கலங்கவில்லை.

“கட்டிக்கிறேன். ஆனா போகத்தான் போறேன். அங்க வாக்குக் குடுத்துட்டேன். வேன்ல இடம் இருக்கு. வர்றியா?”

பாவம், பாருங்கள். இத்தனை வருஷக் காத்திருப்பில் ஒரு முடிவுக்கே மூச்சு முட்டியவருக்கு, அதே மாலையில் இன்னொன்று! தொழிற்சாலை, டியூபா, அம்மா, பிளம் மரம். இதற்கு எத்தனை தோல் விரிப்பது? அவர் மேலே பார்த்தார். மேலே பல்பு எரிந்தது. அது சிமிட்டக்கூட இல்லை. அம்மாவைப் பார்த்தார். “எனக்கென்ன, உன் அக்கா எதிர் வீட்டுலதானே இருக்கா,” என்றாள் ரஃபிலா, மண்டியிட்டபடியே.

“எத்தனை மணிக்கு வேன்?” என்றார் ஒத்னியேல்.

“கஸ்தெயோன்லயும் நம்ம சபை இருக்கு,” என்றார் பாஸ்டர் ஃபிலிமோன், எல்லா விதியும் உடைந்துவிட்ட தைரியத்தில். “அங்க பாஸ்டர் என்கூடப் படிச்சவன்தான். கல்யாணத்தை அவன் நடத்துவான். அதுவரைக்கும் நீ அவன் வீட்டுல தங்கு. வேன்ல தனித்தனி சீட்டு.”

“நடுவுல என் ஜாம் பானை உக்காரும்,” என்றாள் ரஃபிலா.

விடிகாலையில் வேன் கிளம்பியது. ஒத்னியேல் அதில் இருந்தார். பயம் போய்விட்டதா? போகவில்லை, பக்கத்து ஜன்னலோரமாக அதுவும் உட்கார்ந்திருந்தது. ஊர் எல்லை தாண்டும்வரை அவர் ஜெபித்துக்கொண்டிருந்தார் என்று தமாரிஸ் பிறகு சொன்னாள். ‘காட்டும், காட்டும்’ என்று கேட்காமல், ‘கூட வாரும்’ என்று மட்டும் சொன்னாராம். ஹங்கேரிப் பக்கம் வண்டி நின்றபோது, டீயா காப்பியா என்று டிரைவர் கேட்டார். ஒத்னியேலின் கண்கள் மெல்ல மூடத் தொடங்கின. “காப்பி,” என்றாள் தமாரிஸ். ஒரே வெள்ளிக்கிழமையில் எல்லாம் குணமாகிவிடுமா என்ன?

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நீங்கள் ஜெபக்கூட்டத்துக்குப் போகிறவராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. இந்த இனம் ஜாதகக் கட்டத்திலும் வாழும், பல்லி சத்தத்திலும் வாழும், ‘எதுக்கும் நாலு பேரைக் கேட்டுக்கலாம்’ என்பதிலும் கொழுகொழுவென்று வாழும். நீங்கள் அந்த இனமா என்று கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. ஒருவருடைய வாசலில் நீங்கள் சொல்லாமலே திரும்பி வந்த வார்த்தை ஒன்று இருக்கிறதா? ஆம் அல்லது இல்லை, இப்போதே சொல்லுங்கள்.

என்ன, யோசித்துச் சொல்கிறீர்களா?