பகடை வாத்தியாரும் பறிபோன பெட்டிகளும்

தன் மனைவி இனி ஒருக்காலும் இன்னோர் ஆணின் நகைச்சுவைக்குச் சிரிக்கக் கூடாது என்று லிப்ட் பொறியாளர் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் பல் துலக்கிக்கொண்டே முடிவு செய்தார். வாய் நிறைய நுரை இருந்தமையால் முடிவை உரக்க அறிவிக்க இயலவில்லை. அதுவும் நல்லதாயிற்று. அறிவித்திருந்தால் அதற்கும் அவள் சிரித்திருப்பாள்.

அந்த இன்னோர் ஆண் வீட்டுக்கு வந்து போகிறவன் அல்லன், கைப்பேசிக்குள் குடியிருப்பவன். பலகை விளையாட்டுகளை ஆடிப் பார்த்து, எதை வாங்கலாம், எதைத் தொடவே கூடாது என்று காணொளியில் தீர்ப்புச் சொல்லும் விமர்சகன். 'பகடை வாத்தியார்' என்பது அவன் தனக்குத் தானே சூட்டிக்கொண்ட பட்டம். அவனுக்கு அடர்ந்த தாடி உண்டு. பொறியாளருக்கோ ஒரு கன்னத்தில் மட்டும் மயிர் திட்டுத் திட்டாக முளைக்கும். மறு கன்னம் வேலைநிறுத்தம் செய்யும். எனவே அவர் அவனைப் பட்டம் சொல்லி அழைப்பதில்லை. 'அந்தத் தாடி' என்பதோடு சரி.

கொடுமை என்னவென்றால், அந்தத் தாடியை வீட்டுக்குள் கூட்டி வந்தவர் பொறியாளரேதான்.

அவர்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு சுவர் தரை முதல் கூரை வரை விளையாட்டுப் பெட்டிகளால் மறைந்திருந்தது. ரயில் பாதை போடும் விளையாட்டு, தேன்கூடு கட்டும் விளையாட்டு, துப்பறியும் விளையாட்டு. பாதிப் பெட்டிகளுக்கு மேலுறைகூடக் கிழிக்கப்படவில்லை. கிழித்து ஆட இரண்டாவது ஆள் வேண்டுமே! வீட்டில் இருந்த இரண்டாவது ஆள், பொறியாளர் விதிகளை விளக்க வாயெடுத்ததுமே துணி காயப்போடப் போய்விடுவாள். குற்றம் அவள்மீது இல்லை. அவர் விதிவிலக்கில் தொடங்கி, விதிவிலக்கின் விதிவிலக்குக்குப் போய், விதிக்கு வந்து சேரும்போது துணியே காய்ந்திருக்கும்.

"நான் சொன்னாத்தான புரியல? இவன் சொல்றதக் கேளு" என்று ஒருநாள் சலித்துப்போய்த் தாடியின் காணொளியைப் போட்டுக் காட்டினார்.

கேட்டாள். புரிந்துகொண்டாள். சிரித்தாள். அடுத்ததைத் தானே போட்டுக்கொண்டாள்.

"என்ன தெளிவா சொல்றாரு பாருங்க, இந்த வாத்தியாரு!"

"நானும் இதையேதான சொன்னேன்?"

"சொன்னீங்க. ஆனா இவரு சொன்னப்பறம்தான் அது விளையாட்டுன்னே தெரிஞ்சிது."

அன்று தொடங்கியது வயிற்றெரிச்சல். சமைக்கும்போது வாத்தியார், துணி மடிக்கும்போது வாத்தியார். பொறியாளர் ஆசை ஆசையாய் வாங்கி வந்த, இரண்டு கையாலும் தூக்க வேண்டிய பெரிய பெட்டி ஒன்றைப் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்:

"ஐயையோ, இதையா வாங்கினீங்க? இதுல பெட்டி மட்டும்தான் பெருசுன்னு வாத்தியாரு போன வாரமே சொல்லிட்டாரே!"

"அவன் என்ன பெரிய இவனா? ஓசியில வர்ற பெட்டிய வாங்கிட்டு வாய்க்கு வந்தத உளறுறவன்!"

"போன மாசம் வரைக்கும் அவரு தலையாட்டினாத்தான நீங்க பர்ஸத் தொறப்பீங்க?"

பொறியாளர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். கனமாக இருந்தது.

இந்த நிலையில்தான் அந்தத் தாடி, அடுத்த மாதம் இதே ஊரில் நடக்கவிருக்கும் பலகை விளையாட்டாளர் கூட்டத்துக்கு வரப்போவதாக அறிவித்தான். 'நடுக்கடல்' என்ற விளையாட்டில் யார் வேண்டுமானாலும் அவனோடு மோதலாமாம்.

"நாம போலாங்க. நேர்ல ஒரு தடவ பாக்கணும்" என்றாள் மனைவி. முகத்தில் அப்படியொரு வெளிச்சம். அந்த வெளிச்சம் தன்னைப் பார்த்து எரிந்து எத்தனை காலமாயிற்று என்று பொறியாளர் எண்ணிப் பார்த்தார். எண்ணுவதை உடனே நிறுத்திக்கொண்டார்.

"போலாம். நான் அவனோட விளையாடப் போறேன். எல்லார் முன்னாடியும் தோக்கடிக்கப் போறேன். அப்பறம் சொல்லு, யாரு வாத்தியாருன்னு."

அவள் கணவனை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். ஆளை நிறுத்தி வைத்து உள்ளே இருப்பதைப் பார்ப்பது அவள் தொழில். வீட்டிலும் அந்தப் பழக்கம் விடவில்லை.

"யாரோட பழகுவீங்க?"

பொறியாளர் விழித்தார். கீழ்வீட்டுப் பல் டாக்டரும் இந்தப் பித்துப் பிடித்தவர்தான். ஆனால் அவர் தோற்றால் பலகையைத் தட்டிவிட்டு, கை பட்டுவிட்டது என்பார்.

"நான் வேணா வரட்டுமா?" என்றாள் மனைவி. "அவரோட வீடியோ ஒண்ணு விடாம பாத்திருக்கேன். எங்க நிதானிப்பாரு, எங்க பாய்வாரு, எல்லாம் அத்துப்படி. அவராவே உக்காந்து ஆடிக் காட்டறேன்."

"அவராவேன்னா என்ன அர்த்தம்?"

"பழகறதுக்குச் சொன்னேங்க. தாடிதான் ஒட்டிக்க முடியாது."

"சரி, சரி."

"ஆனா சும்மா விளையாடினா சூடு பிடிக்காது. ஒரு பந்தயம் வெச்சுக்கலாம். நான் ஜெயிச்சா, ஒவ்வொரு தடவைக்கும் சுவத்துலேருந்து ஒரு பெட்டி வெளிய போகணும்."

பொறியாளர் சுவரைப் பார்த்தார். பெற்ற பிள்ளைகள் வரிசையாய் நிற்பது போலிருந்தது.

"நான் ஜெயிச்சா?"

"நீங்க என்னை ஒரே ஒரு தடவ ஜெயிச்சாப் போதும். அவரு வீடியோ பாக்கறத அதோட விட்டுடறேன்."

"ஒரே ஒரு தடவையா?"

"ஒரே ஒரு தடவ."

இப்படியொரு பேரத்தை வேண்டாமென்று சொல்லும் பொறாமைக்காரன் இன்னும் பிறக்கவில்லை. பொறியாளர் அன்று மாலையே பலகையை விரித்தார்.

'நடுக்கடல்' ஆடுவது எளிது. கடலில் மிதக்கும் சரக்கைக் கப்பலில் ஏற்றிக் கரை சேர்க்க வேண்டும். இடையில் புயல் அட்டை வந்துவிட்டால் கப்பலில் இருப்பதெல்லாம் கடலுக்கு. கொஞ்சம் ஏற்றி உடனே இறக்குவதா, நிறைய ஏற்றி ஒரேயடியாய் இறக்குவதா என்பதுதான் கேள்வி. பொறியாளரைப் பொறுத்தவரை அது கேள்வியே அன்று. அவர் ஏற்றினார். மேலும் ஏற்றினார். கப்பல் கொள்ளாத அளவுக்கு ஏற்றிவிட்டு அட்டையை எடுக்கக் கை நீட்டி, பின்னிழுத்து, நெற்றியைத் தடவினார்.

"மூச்ச இழுத்துப் பிடிங்க" என்றாள் மனைவி, மருத்துவமனைக் குரலில். "அசையாதீங்க... ம், இப்ப விடுங்க."

புயல் வந்தது.

"இந்த எடத்துல அந்தத் தாடி என்ன பண்ணுவான்?" என்றார் பொறியாளர், மிதக்கும் தன் சரக்கைப் பார்த்தபடி.

"அவரு அப்பவே எறக்கிருப்பாரு. நீங்க ஏத்தறீங்க, ஏத்தறீங்க, எறக்க மனசே வரல. இந்தச் சுவத்த மாதிரி."

முதல் பெட்டி போயிற்று. எதை அனுப்புவது என்பதில் பெரும் வழக்கே நடந்தது.

"இது வேணாம், நல்லா விளையாடின பெட்டி."

"அப்ப அது?"

"அத இன்னும் விளையாடவே இல்லயே!"

"விளையாடினதும் போகாது, விளையாடாததும் போகாது. அப்ப மிச்சம் நான்தான் இருக்கேன். நான் போகட்டுமா?"

தேன்கூடு போயிற்று. மறுநாள் ரயில் போயிற்று. தாடியின் திறமை பொறியாளரை மலைக்க வைத்தது. ஒருநாள் பதுங்கியது, ஒருநாள் பாய்ந்தது, இவர் ஒரு தந்திரத்தைக் கற்றுக்கொண்டு வந்தால், மறுநாள் அதை உடைக்க வேறொன்று வைத்திருந்தது. 'வாயால மட்டும் விளையாடறவன்னு நெனச்சேனே, படுபாவி இவ்வளவு கெட்டிக்காரனா!' என்று தூக்கத்திலும் புலம்பினார். மனைவியின் முகத்தில், அவள் விரல்களில், அவள் அட்டை எடுக்கும் அமைதியில் அவர் அவனையே கண்டார். எதிரில் இருப்பவள் தாலி கட்டிய மனைவியா, தாடி வைத்த எதிரியா என்று சில வேளைகளில் உண்மையாகவே குழம்பினார்.

சுவரில் சுண்ணாம்பு தெரியத் தொடங்கியது.

பெட்டிகள் எல்லாம் கீழ்வீட்டுப் பல் டாக்டரிடம் போய்ச் சேர்ந்தன. அவர் அவற்றைத் தம் மருத்துவமனையில் காத்திருப்போருக்காக அடுக்கி வைத்தார். பிரிவு தாளாத பொறியாளர் ஒருநாள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அங்கே போனார். முன்பின் தெரியாத இருவர் அவருடைய தேன்கூட்டை ஆடிக்கொண்டிருந்தார்கள். அதுவும் தப்பாக! மெழுகைத் தேன் என்று நினைத்து எண்ணிக்கொண்டிருந்தார்கள். கண்ணெதிரே நடந்த அந்த அநியாயத்தைத் தடுக்க அவர் எழுவதற்குள் டாக்டர் அழைத்துவிட்டார்.

"எந்தப் பல்லு சார்?"

"சும்மா... பொதுவா ஒரு வலி."

"வாயத் தெறங்க. அடடா, நல்ல வேளை வந்தீங்க! கடைசிப் பல்லுல பெரிய ஓட்டையே இருக்கு."

"அதெல்லாம்... ஆ..."

"உங்க வீட்டுக்காரம்மா நல்ல மனசு சார். இன்னும் வரும்னு சொன்னாங்க. அந்தத் துப்பறியற பெட்டி எப்ப வரும்?"

வாயில் கருவி இருந்ததால் பொறியாளரால் பதில் சொல்ல முடியவில்லை. கண்ணீர் மட்டும் வந்தது. டாக்டர் அது பல்லால் வந்தது என்று நினைத்தார். துப்பறியும் பெட்டி அன்று மாலை வந்துவிட்டது.

கூட்டத்துக்கான நாளும் வந்தது. நீண்ட மண்டபம், வரிசையாய் மேசைகள், மேசைக்கு மேசை பகடை உருளும் ஓசை. நடுமேசையில் தாடி அமர்ந்திருந்தது. காணொளியில் மலைபோல் தெரிந்தவன் நேரில் எழுந்து நின்று கைகுலுக்கியபோது பொறியாளரின் தோளுக்குத்தான் வந்தான். பொறியாளருக்கு அதுவே பாதி வெற்றி. எதிரே உட்கார்ந்தார். மனைவி பின்னால் வந்து நின்றாள்.

பொறியாளர் கொஞ்சம் ஏற்றினார், உடனே இறக்கினார். பதுங்கினார்; பாய்ந்தார். இத்தனை நாள் பட்ட அடியெல்லாம் இப்போது பாடமாகி நின்றது. தாடியோ ஏற்றினான். மேலும் ஏற்றினான். கப்பல் கொள்ளாத அளவுக்கு ஏற்றிவிட்டு நெற்றியைத் தடவினான். புயல் வந்தது. மறுபடியும் ஏற்றினான். மறுபடியும் புயல்.

பொறியாளர் வென்றுவிட்டார். வென்றதும் அவருக்கே நம்பிக்கை வரவில்லை. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். எவ்வளவோ நாள் காத்திருந்த அந்த வெளிச்சம் அவள் முகத்தில் எரிந்தது. அவரைப் பார்த்தே எரிந்தது.

"பிரமாதங்க!" என்றாள்.

அத்தோடு வீடு திரும்பியிருந்தால் அவரைப்போல் பாக்கியசாலி எவரும் இல்லை. பொறியாளருக்கு யோசிக்கும் பழக்கம் இருந்ததுதான் வினையாயிற்று.

"ஆமா, நீ இவனா விளையாடறேன்னுதான சொன்ன? இவன் அப்படி விளையாடலியே! என்னை மாதிரில்ல விளையாடறான்!"

"அவரா விளையாடியிருந்தா நீங்க மொத நாளே ஜெயிச்சிருப்பீங்களே."

"அப்ப இத்தன நாளு?"

"நானாத்தான் விளையாடினேன்."

தாடி மேசையைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தான். பொறியாளரிடம் அல்ல.

"மேடம், நீங்களா? போட்டோவுல பாத்த எக்ஸ்ரே மேடம்? என் வீடியோவுல விதி தப்பாச் சொன்னா உடனே எழுதிப் போடுவீங்களே, அவங்களா?" கைகூப்பினான். "உங்களுக்குப் பயந்தே இப்பல்லாம் விதிப்புத்தகத்த முழுசாப் படிக்கறேன் மேடம். என்னோட சேந்து விமர்சனம் பண்ண வரீங்களான்னு கேட்டேனே, என்ன முடிவு பண்ணீங்க?"

"வரேன்னுதான் சொல்ல வந்தேன். வீட்டுல பெட்டி வெக்க எடமில்லாம இருந்துச்சு. இப்ப இருக்கு."

வீடு திரும்பிய பொறியாளர் வாசலில் செருப்பைக் கழற்றும்போது தம் கடைசி ஆயுதத்தை எடுத்தார்.

"நான் ஜெயிச்சிட்டேன். நீ அவன் வீடியோ பாக்கறத நிறுத்தணும்."

"பந்தயம் என்னை ஜெயிச்சாத்தாங்க. போகட்டும், உங்களுக்காக நிறுத்திடறேன். இனிமே அதுல நானே பேசப் போறேனே, பாக்கறதுக்கு எங்க நேரம்?"

அடுத்த வாரம் முதல் பெட்டிகள் வந்து இறங்கின. இன்னும் கடைக்கே வராத பெட்டிகள். ஒவ்வொன்றின்மீதும் அவள் பெயர். அவள் காலியான சுவரில் அவற்றை அளவு பார்த்து அடுக்குவதைப் பொறியாளர் கதவோரம் நின்று பார்த்தார். அவர் கை தானாக நீண்டது.

"தொடாதீங்க. அது விமர்சனத்துக்கு வந்தது." பிறகு சற்றே இரங்கினாள். "இங்க வந்து உக்காருங்க. உங்களுக்கும் ஒரு வேலை வாங்கி வெச்சிருக்கேன். விதி எவ்வளவு சுலபமா எழுதியிருக்காங்கன்னு சோதிக்கணுமில்ல? எத்தன தடவ சொன்னாலும் தப்பா விளையாடற ஆளு ஒருத்தர் வேணும்னு வாத்தியாரு கேட்டாரு. வீட்டுலயே இருக்காருன்னு சொன்னேன்."

பொறியாளரின் முகம் கறுத்தது. "ஏன், அவனுக்கு அப்படியொரு ஆளு கெடைக்கலியாமா?"

"எங்க கெடைக்கும்? எனக்கு உங்கள மாதிரி ஒருத்தர் வாய்ச்சிருக்கார்னு ஒரே பொறாமைப்படறாரு."

"பொறாமையா? அவனுக்கா? என்மேலயா?" என்ற பொறியாளர், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார்.