குறுக்கு வழிக்கு வந்த குறுக்கு வலி

செல்போன் மேப்பை நிற்க வைத்துக் கேள்வி கேட்ட ஒரே மனிதர் இந்த உலகத்திலேயே எங்கள் 'குறுக்கு வழி' அண்ணன்தான். சேலையூர் ஆட்டோ ஸ்டாண்டில் யாருக்கும் அவருடைய நிஜப்பெயர் தெரியாது. தாம்பரம் ஸ்டேஷனுக்கு அவர் கண்டுபிடிக்கும் குறுக்கு வழி, நேர் வழியைவிடப் பத்து நிமிடம் கூடுதல். தினமும் அதில் போய், தினமும் ரயிலை விட்டவன் நான்.

ஒரு மழைநாளில் மேப்பு சொன்னபடி போய், மாடம்பாக்கம் ஏரிக்கரைச் சேற்றில் ஆட்டோவின் முன்சக்கரம் புதைந்ததிலிருந்து மேப்பு அவருக்கு ஜென்ம விரோதி. சவாரியின் போன் "இடதுபுறம் திரும்பவும்" என்றால், "நீ இன்னா எனக்கு சொல்றது? நேத்து பொறந்த நீ!" என்று வலதுபுறம் ஒடிப்பார்.

மேடு பள்ளமெல்லாம் இப்படி ஒடித்ததில், குறுக்கு வழிக்கே குறுக்கு வலி வந்தது. வலியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வலது கால் மரத்துப்போய், பிரேக்கை மிதிப்பதே தெரியவில்லை என்றார். வண்டியை ஓரங்கட்டிவிட்டு அவர் அழுதார்.

முதுகெலும்பில் ஆபரேஷன் என்றார்கள். துணைக்கு நான் போனேன். டாக்டர் ஒரு பெண்மணி.

"பயப்படாதீங்க. எலும்புல ஸ்க்ரூ போடணும். கம்ப்யூட்டர் நேவிகேஷன் வெச்சு கரெக்டா போட்டுடலாம்."

அண்ணன் எழுந்தேவிட்டார். "நேவிகேஷன்னா... மேப்பா? வா சார், வூட்டுக்குப் போலாம்!"

டாக்டர் பொறுமையாக விளக்கினார். ஆபரேஷன் டேபிளிலேயே ஸ்கேன் எடுத்து, அவருடைய எலும்பைத் திரையில் போடுவார்களாம். டாக்டர் கையிலிருக்கும் கருவியை ஒரு கேமரா கவனித்துக்கொண்டே இருக்கும். ஸ்க்ரூ எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம் போகிறது என்று திரையில் தெரியும்.

"மேப்பு ராங்கா காட்னா இன்னா பண்ணுவீங்கோ டாக்டரம்மா?"

"அதை அப்படியே நம்ப மாட்டேண்ணா. எனக்கு நல்லா தெரிஞ்ச எலும்பு ஒண்ணை முதல்ல அந்தக் கருவியால தொடுவேன். ஸ்கிரீனும் அதே இடத்தைக் காட்டணும். இல்லேன்னா நிறுத்திட்டு, மறுபடியும் ஸ்கேன்."

அண்ணன் முகம் மலர்ந்தது. "டீக்கடையாண்ட வண்டிய நிறுத்தி, இது இன்னா தெருன்னு கேட்டுக்கினு போற மாதிரி! சார், இவங்க நம்ம ஸ்டாண்டு ஆளு. எங்க கையெழுத்து போடணும்?"

ஆபரேஷன் முடிந்து ஐந்து மாதம் அவர் வண்டி ஓட்டவில்லை. போனில் புக் செய்த ஆட்டோவில் போனேன். தினமும் ரயிலைப் பிடித்தேன். ஒருநாள்கூட அது எனக்குப் பிடிக்கவில்லை.

போன திங்கட்கிழமை வாசலில் பழைய ஹாரன் சத்தம். இடுப்பில் பெல்ட்டோடு அண்ணன்! "டாக்டரம்மா ஓட்டலாம்னு சொல்ட்டாங்கோ" என்றவர், தெருமுனையில் பிரேக்கை மிதித்துக் காட்டினார்.

"தெரியுது சார்! கட்டவெரல் வரிக்கும் தெரியுது!"

பின்சீட்டிலிருந்து அவர் தோளைத் தட்டினேன்.

"ஸ்டேஷனாண்டதான? எந்த வயியா போலாம்?"

ரயிலுக்குப் பன்னிரண்டு நிமிடம்தான் இருந்தது.

"குறுக்கு வழியிலேயே போண்ணா" என்றேன்.