கெர்னலை மிரட்டிய வெள்ளிக்கிழமை

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று எங்கள் வீட்டில் முதலில் நம்பியவன் நான். இன்றுவரை இரண்டாவதாக ஒருவரும் நம்பவில்லை. 2007-ல் ஒரு வெள்ளிக்கிழமை நடந்த கூத்துதான் காரணம்.

அப்போது அக்காவுக்கு மகள் பிறந்து இருபது நாள். மச்சான் சவுதியில். மறுநாள் பாலைவனத்துக்குள் குழாய் பதிக்கும் வேலைக்குப் போகிறார். ஆறு மாதத்துக்கு நெட் கிடையாது. அதற்கு முன் மகள் முகத்தைப் பார்த்துவிட வேண்டும். ஜும்மா முடிந்து, நம்மூர் நேரம் மூன்று மணிக்கு அங்கே ஒரு நெட் கடையில் காத்திருப்பார். நாற்பது நாள் கழியாமல் பிள்ளையை வெளியே தூக்கக் கூடாது என்பதால் பிரௌசிங் சென்டர் பேச்சே எழவில்லை. கம்பம் ஊரில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர்தான் கதி.

அதில் நான் லினக்ஸ் போட்டு வைத்திருந்தேன். (யாரும் கேக்கல, நானாத்தான்.) மச்சான் கொடுத்தனுப்பிய கேமராவை அது கண்டுகொள்ளவே இல்லை. அதற்கொரு மாட்யூல் வேண்டும்: கெர்னல் என்கிற உள்மூளையோடு போய் ஒட்டிக்கொண்டு, "இதுதான் கேமரா" என்று சொல்லிக்கொடுக்கும் சின்ன நிரல். எங்களுடையது மாட்டுவண்டி வேகம் என்பதால், உத்தமபாளையத்தில் நண்பனின் புதுக் கம்ப்யூட்டரில் அதை மூல நிரலிலிருந்து கட்டினேன். கட்டியதோடு விட்டேனா? பெரிய கம்பெனி மாதிரி நிறுவத் தயாரான பேக்கேஜ் ஆக்கி, தயாரித்தவர் என்ற இடத்தில் என் பெயரோடு பி.இ.யும் சேர்த்து (அரியர் மூணு பாக்கி), பென் டிரைவில் போட்டுக்கொண்டு லோயர் கேம்ப் பஸ்ஸில் ஏறிக் கம்பத்தில் வந்து இறங்கினேன்.

இரண்டரை மணிக்கு நிறுவினேன். கெர்னல் ஏற்க மறுத்தது. நண்பன் வீட்டுக் கெர்னல் ஒரு பதிப்பு, எங்களுடையது வேறு பதிப்பு. ஒன்றுக்குக் கட்டியது மற்றதில் ஏறாது. எந்தக் கெர்னலுக்குக் கட்டுகிறோம் என்று பார்ப்பது இந்த வேலையின் முதல் பாடம். நான் நேராக மூன்றாம் பாடத்துக்குப் போனவன்.

ஆனால் 'ஃபோர்ஸ்' என்று ஒரு வழி உண்டு. ஒத்துவராவிட்டாலும் கழுத்தைப் பிடித்து உள்ளே தள்ளுவது. கம்ப்யூட்டர் தொடங்கும்போதெல்லாம் இப்படியே தள்ளு என்று பேக்கேஜுக்குள் எழுதி, மறுபடி நிறுவினேன். திரை உறைந்தது. கீபோர்டில் இரண்டு விளக்குகள் மட்டும் மினுக் மினுக்கென்றன.

"லைட்டு எரியுதே, மாப்பிள்ளை வந்துட்டாகளா?" அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"வந்துக்கிட்டிருக்காகம்மா."

(கெர்னல் செத்து மௌத்தாப் போச்சுன்னு எப்படிச் சொல்றது?)

அணைத்துப் போட்டேன். தொடங்கும்போதெல்லாம் தள்ளச் சொல்லியிருந்தேன் அல்லவா? சொல் தட்டாமல் தள்ளியது, மறுபடி உறைந்தது. போன் அடித்தது. பேசிவிட்டு வந்த அக்காவுக்குக் கண் நிறைந்திருந்தது.

"ஏலே, அவுக ஒரு மணி நேரந்தான் இருப்பாகளாம். முடியாதுன்னா சொல்லிரு. அந்த மனுசனச் சும்மா காக்க வைக்காத."

வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது. பழுதுபார்க்கும் முறையில் தொடங்கி, என் பெயர் தாங்கிய பேக்கேஜை நானே பிடுங்கி எறிந்துவிட்டு, அந்த மாட்டுவண்டியிலேயே முதலிலிருந்து கட்டினேன். இருபத்தைந்து நிமிடம். மாட்யூல் ஏறியது. படமும் வந்தது, தலைகீழாக.

"ஒரு வரி மாத்தணும்க்கா. இன்னும் இருவத்தஞ்சே நிமிசம்..."

"தள்ளுடா அங்கிட்டு!" அம்மா கேமராவைத் தூக்கித் தலைகீழாகத் திருப்பினாள். பிள்ளை நேரானது. பேசி முடியும்வரை அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்தப் பக்கம் மச்சான் புதுச்சட்டையில் இருந்தார். பிள்ளையைக் கண்டதும் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். அக்கா பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துக் காட்டினாள். நானும் அழுதேன். (யாரும் பாக்கல.)

அந்தப் பிள்ளை இப்போது கல்லூரியில் படிக்கிறாள். எனக்குச் சென்னையில் சம்பளமே கெர்னல் வேலைக்குத்தான். ஊருக்குப் போன இடத்தில் மிக்சி ஏன் ஓடவில்லை என்று விளக்க நான் வாயைத் திறந்தால் போதும், அடுப்படியில் இருக்கும் என் அம்மாவுக்கு அவள் குரல் கொடுப்பாள்:

"நன்னீ! மாமா ஆரம்பிச்சிட்டாக, வந்து திருப்புங்க!"