பின்கொக்கியில் மாமனார் பெட்டி

பெட்டியை ஏற்றியதும் கார் பின்பக்கமாக உட்கார்ந்தது. முன்பக்கம் எழும்பி எதிர்வீட்டு மாடியைப் பார்த்தது. மாப்பிள்ளை அதைப் பார்த்தும் பார்க்காதவர் போல நின்றார்.

காருக்குப் பின்னால் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கொக்கியில், பாரம் வைக்க ஓர் இரும்புத் தட்டை மாட்டியது அவர்தான். ஆள் வைத்து மாட்டக் கூடாதா என்று மனைவி கேட்டாள். கூடாது என்றார். காரணம் மாமனார்.

மாமனார் துறைமுகத்தில் கப்பலுக்குச் சரக்கு ஏற்றுவதை மேற்பார்வையிட்டு ஓய்வு பெற்றவர். மகள் வீட்டுக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. அந்த ஒரு வருடத்தில் மாப்பிள்ளை செய்த ஒரு காரியத்தையாவது நன்றாக இருக்கிறது என்று அவர் சொன்னதில்லை. கடையிலிருந்து பையைத் தூக்கி வந்தால்கூட, கனத்தை மேலே வைத்து லேசானதைக் கீழே நசுக்கிவிட்டீர்களே என்பார். இன்று அவர் வேறு ஊரில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிறார், இனி அங்கேயே இருக்க. பெட்டியையும் பெரியவரையும் ஒரு கீறல் இல்லாமல் கொண்டுபோய்ச் சேர்த்தால், கடைசியாக அந்த வாசலில் வைத்தாவது ஒரு நல்ல வார்த்தை கிடைக்கும் என்று மாப்பிள்ளைக்கு ஆசை. நாற்பது வயதுக்கு மேல் இப்படி ஓர் ஆசை, யாரிடம் சொல்வது!

"இதுல என்ன மாமா இருக்கு?"

"என் சாமான்."

"துணியா?"

"துணியும் இருக்கு."

அந்தத் 'துணியும்' மாப்பிள்ளையின் மண்டையைக் குடைய ஆரம்பித்தது. வேறு என்ன இருக்கும்? புத்தகமா? மாமா செய்தித்தாளைத் தவிர எதையும் படித்து அவர் பார்த்ததில்லை. பாத்திரமா? இவருக்கு எதற்குப் பாத்திரம்? பெட்டியில் பூட்டு தொங்கியது. சாவி மாமாவின் சட்டைப்பையில் பத்திரமாக இருந்தது.

தெருமுனை வேகத்தடையிலேயே தட்டு தரையில் உரசி, கேட்கச் சகிக்காத ஓசை எழுப்பியது. முன்னிருக்கையில் இருந்த மாமா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாரம் எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அவ்வளவு முன்பக்கத்தைத் தூக்கிவிடும், வண்டியை ஒட்டித்தான் வைக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். அதை ஏற்றும்போதே சொல்லியிருக்கலாமே என்று மாப்பிள்ளை மனதுக்குள் முணுமுணுத்துக்கொண்டு, இறங்கிக் கட்டை அவிழ்த்து, பெட்டியைக் காரோடு ஒட்டித் தள்ளிக் கட்டினார். மாமா வந்து பார்த்து, அந்த முடிச்சையும் அவிழ்த்து, வேறு முடிச்சுப் போட்டார்.

இப்போது பெட்டி நம்பர் பலகையையும் ஒரு பக்கத்துச் சிவப்பு விளக்கையும் மறைத்தது. பெரிய சாலைக்கு வந்ததும் போக்குவரத்துக் காவலர் கை காட்டினார். வெயிலில் நின்று நின்று பொறுமை வற்றிப்போன பெண்மணி.

"நீங்க பிரேக் போட்டா பின்னாடி வர்றவனுக்கு எப்படி சார் தெரியும்? ஆமா, உள்ள என்ன?"

மாப்பிள்ளை மாமாவைப் பார்த்தார். மாமா காவலரைப் பார்த்தார்.

"அவரைக் கேளுங்க. ஓட்டுறவர் அவர்தானே."

சொந்த வண்டியில் என்ன போகிறது என்று தெரியாத ஆளை அந்தப் பெண்மணி இப்போதுதான் பார்க்கிறார் போலும். பெட்டியை நீளவாக்கில் திருப்பி வைக்கச் சொன்னார். திருப்பியதும் விளக்கும் நம்பரும் தெரிந்தன, ஆனால் பெட்டியின் வால் வெளியே நீட்டியது. நீட்டினால் நுனியில் சிவப்புத் துணி கட்ட வேண்டும் என்றார். காரில் சிவப்பாக இருந்தது ஒன்றே ஒன்று, மாப்பிள்ளை போட்டிருந்த சட்டை. அதைக் கழற்றிப் பெட்டியில் கட்டிவிட்டு, பனியனோடு ஓட்டினார்.

பாரம் மறுபடி தள்ளிப்போனதால் கார் முன்னைவிட அதிகமாக மூக்கைத் தூக்கியது. ஸ்டியரிங்கைத் திருப்பினால், நிதானமாக யோசித்துவிட்டுத்தான் கார் திரும்பியது. முன்னால் கொஞ்சம் கனம் இருந்தால் நல்லது என்று மாப்பிள்ளை நினைத்துக்கொண்டிருக்கும்போதே, கட்டு அவிழ்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று வண்டியை நிறுத்தச் சொல்லி மாமா பின்னிருக்கைக்குப் போய்விட்டார். மாமா ஒன்றும் ஒல்லியான மனிதர் இல்லை.

மேம்பாலத்து ஏற்றத்தில் முன்சக்கரங்கள் வழுக்கிச் சுழன்றன. கார் ஒரு கணம் பக்கத்து லாரியை நோக்கி நகர்ந்தது. மாப்பிள்ளைக்கு உயிர் போய் உயிர் வந்தது. எப்படியோ பாலத்தைத் தாண்டி, லாரிகளை நிறுத்தி எடை போடும் எடைமேடை ஒன்று கண்ணில் பட்டதும் உள்ளே விட்டுவிட்டார்.

எடைமேடைப் பெண், பனியனோடு இறங்கியவரையும் சட்டை போட்டிருந்த பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். சின்னத் தராசைக் கை காட்டினாள். மூவருமாகப் பெட்டியை இறக்கி அதில் வைத்தார்கள். கொக்கியில் மாட்டிய தட்டு எவ்வளவு தாங்கும் என்று அதிலேயே பொறித்திருந்தது. பெட்டி அதைப் போல இரண்டு பங்குக்கு மேல் காட்டியது.

மாப்பிள்ளை கையை நீட்டினார். மாமா சாவியைக் கொடுத்தார்.

உள்ளே கருங்கல். ஒவ்வொன்றும் ஒரு வேட்டியிலோ துண்டிலோ சுற்றப்பட்டு, பெரியது அடியில், சின்னது மேலே, ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் வராதபடி அடுக்கியிருந்தது. கப்பலே கண்ணில் ஒற்றிக்கொள்ளும், அப்படி ஓர் அடுக்கு. ஒரு வாரமாக மாமா பையோடு நடைப்பயிற்சிக்குப் போனது எதற்கு என்று இப்போது விளங்கியது.

"இது என்ன மாமா?"

"கல்லு."

"அது தெரியுது. எதுக்கு?"

மாமா தன் செருப்பைப் பார்த்தார். "பாரம் ஜாஸ்தியானா வண்டி போகாதுன்னு நெனச்சேன். நீங்க எப்படியோ இவ்வளவு தூரம் ஓட்டிட்டீங்க."

அப்படியானால் போக மனமில்லையா? இந்த வீட்டை விட்டு, இந்த மாப்பிள்ளையை விட்டுப் போக மனமில்லாமலா? முடிச்சுச் சரியில்லை, பை சரியில்லை என்றதெல்லாம் பாசமா? மகன் வீட்டைவிட நம் வீடு பெரிதாகத் தெரிந்திருக்கிறது, சொல்லத்தான் தெரியவில்லை மனிதருக்கு. பனியனைத் தூக்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க எங்கயும் போக வேண்டாம் மாமா. நம்ம வீட்டுலயே இருங்க. கடைசி வரைக்கும்."

மாமா தலையாட்டினார். வேகமாகவே ஆட்டினார்.

மாப்பிள்ளை மச்சானுக்குப் போன் போட்டார். அப்பாவை எதிர்பார்த்துக் காத்திருக்கும் மகன் எவ்வளவு வருத்தப்படுவாரோ என்று தயங்கித் தயங்கித்தான் சொன்னார். மச்சான் ஒரு வார்த்தைகூட மறுக்கவில்லை. அப்பா இஷ்டம் எதுவோ அதுதான் தன் இஷ்டம் என்று சொல்லிச் சட்டென்று வைத்துவிட்டார். இப்பேர்ப்பட்ட குடும்பத்தில் பெண் எடுத்தோமே என்று மாப்பிள்ளைக்குப் பெருமையாக இருந்தது.

முதல் கல்லைத் தூக்கிக்கொண்டு எடைமேடைப் பெண்ணிடம் கேட்டார். "இதையெல்லாம் இங்க எங்கயாவது இறக்கி வச்சுட்டுப் போகலாமாம்மா?"

"தாராளமா வைங்க சார்," என்றாள் அவள். "போன வருஷம் அந்த ஊர்லேருந்து இவரை மகள் வீட்டுக்குன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தப்போ, இவர் மகன் இதே பெட்டியிலேருந்து இறக்கிப் போட்டுட்டுப் போன கல்லுகூட அதோ அந்தச் சுவரோரமாத்தான் கிடக்கு."