இழு அண்ணனும் பதினான்காவது வயரும்

ஜொகூரில் டர்போ கார்கள் இரண்டே வகை. இழு அண்ணன் வயர் போட்டவை ஒன்று. வெடித்துப்போனவை இன்னொன்று.

அவருடைய சொந்தப் பெயர் அடையாள அட்டைக்கும் அவர் மனைவிக்கும் மட்டும்தான் தெரியும். கூலாயில் ஒரு தாமான் குடியிருப்பின் மூலை வீடு. வீட்டை ஒட்டித் தகரக் கூரை. அதுதான் பட்டறை. கார் வயரிங் மட்டும் செய்வார். எண்ணெய் மாற்றச் சொன்னால் முறைப்பார்.

பெயர் வந்த காரணம் எளிது. ஒவ்வொரு வயரையும் இணைத்து, குறட்டால் நசுக்கி முடித்ததும் காரின் சொந்தக்காரனைக் கூப்பிட்டு, "இழு" என்பார். அவன் தன் கையால் அந்த இணைப்பை இழுக்க வேண்டும். வரவில்லை என்றால் அடுத்த வயர். கையோடு வந்துவிட்டால் மனிதருக்கு ஒரே குஷி. "பாத்தியா, ரோட்டுல வரவேண்டியது இங்கயே வந்துடுச்சு" என்று சொல்லித் திரும்ப நசுக்குவார். செனாய் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இருபது வருடம் வயர்களை இழுத்துச் சோதிக்கும் பிரிவில் இருந்தவர். நசுக்கியவன் சோதிக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். வேலையை விட்ட பிறகும் சட்டத்தை விடவில்லை.

டத்தோ பட்டம் வாங்கிய ஒரு பெரிய மனிதர் வந்தார். வெள்ளைச் சட்டை, கூடவே டிரைவர். இழு என்றதும் டிரைவரைக் கைகாட்டினார். "காரு யாரோடது?" என்று கேட்டார் அண்ணன். டத்தோ மல்லாந்து படுத்து, ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை விட்டு ஒன்பது வயர் இழுத்தார்.

பட்டறையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கடையில் மின்விசிறிக்குப் போகும் வயர் தொங்குவதைப் பார்த்து இழுத்தார். கடை முழுக்க இருட்டு. முதலாளி கரண்டியோடு ஓடிவந்தார். மழையில் வந்திருந்தால் ஆள் செத்திருப்பான், இப்போதே வந்தது நல்லது என்று சொல்லிவிட்டு அண்ணன் ரசம் கேட்டார். சொந்த அக்கா மகள் கல்யாணத்தில் ஆசீர்வாதம் செய்ய மேடையேறி, மூன்று முடிச்சையும் இழுத்துப் பார்த்தாயா என்று மாப்பிள்ளையிடம் கேட்டவர் இவர். மாப்பிள்ளை இழுத்தும் பார்த்தார். அவரும் டர்போ கார் வைத்திருந்தார்.

இழுத்துப் பார்த்த இணைப்பு ரோட்டில் அறுந்ததே கிடையாது என்பதுதான் அவருடைய ஒரே பெருமை. கை தப்பு செய்யலாம், இழுப்பு தப்பு செய்யாது என்பார். அந்த ஒரு பெருமையை வைத்துத்தான் அந்தத் தகரக் கூரையே நின்றது.

அதில் கை வைத்தவன் நான்.

என் கார் சாதாரண உள்ளூர் கார். உள்ளே ஜப்பானிலிருந்து வந்த பழைய டர்போ எஞ்சின். டர்போ எஞ்சினுக்குள் எவ்வளவு காற்று ஊத வேண்டும் என்பதை நம் இஷ்டத்துக்கு வைக்க ஒரு சோலினாய்டு வாங்கினேன். கட்டைவிரல் அளவு மின்சார வால்வு, மூன்று மூக்கு, இரண்டு வயர். இணையத்தில் ஒரு வெள்ளைக்காரன் பத்து நிமிடத்தில் மாட்டிக் காட்டினான். நானும் மாட்டினேன். குழாய்களை மாற்றிச் சொருகியிருக்கிறேன். டர்போ அடங்காமல் ஊதி, சிகாமட் போகும் வழியில் பிஸ்டனில் ஓட்டை விழுந்தது.

வேறு எஞ்சின் போட்டேன். அதுவும் போனால் காரை பெசி புரூக் கடையில் பழைய இரும்போடு இரும்பாக எடை போட்டுவிடுவேன் என்றாள் மனைவி. அவள் சொன்னால் செய்வாள். நேராக இழு அண்ணனிடம் போனேன்.

அவர் சோலினாய்டைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

"கரண்டு இல்லன்னா காத்து எங்க போகும்?"

தெரியாது என்றேன். தெரிந்துகொண்டு வா என்று அனுப்பிவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு சோலினாய்டை லோங்காங் சாக்கடையில் வீசியிருப்பேன். மூன்றாவது தடவைதான் சரியாகச் சொன்னேன். டர்போ அதிகமாக ஊதாமல் தடுக்க ஒரு கதவு இருக்கிறது. கரண்டு இல்லாதபோது காற்று நேராக அந்தக் கதவுக்குப் போய் அதைத் திறக்க வேண்டும். கரண்டு வந்தால்தான் சோலினாய்டு அந்தக் காற்றைத் தடுத்து ஊதலை ஏற்றலாம்.

"அதான். வயரு அந்துச்சுன்னா காரு சோம்பேறி ஆவணும் தம்பி, சாவக் கூடாது."

வேலை ஆரம்பித்தது. சோலினாய்டுக்கு ஒரு வயர் சாவி போட்டால் கரண்டு வரும் இடத்திலிருந்து, நடுவில் பியூஸ். இன்னொன்று கண்ட்ரோல் பெட்டிக்கு. பெட்டிக்கென்று தனியாக ஒரு கொத்து. மொத்தம் பதினான்கு இணைப்பு. பதின்மூன்றை இழுத்தேன். மதிய வெயில், தகரக் கூரை, எஞ்சின் சூடு. பதினான்காவதுக்கு அவர் குழாய் மாட்டத் திரும்பிக்கொண்டு "இழு" என்றார். நான் தொடவே இல்லை. "ஆச்சுண்ணே" என்றேன்.

மூன்று வாரம் கார் பறந்தது. நாலாவது வாரம் யொங் பெங் தாண்டி மேட்டில் திடீரென்று மூச்சு போய்விட்டது. செம்பனை ஏற்றிய லாரி என்னைத் தாண்டிப் போனது. லாரிக்காரன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். ஓரம்கட்டி மூடியைத் திறந்தேன். சோலினாய்டுக்குப் போகும் வயர், நான் இழுக்காமல் விட்ட அந்தப் பதினான்காவது, தனியாகத் தொங்கியது. எஞ்சினுக்கு ஒன்றும் இல்லை. அவர் சொன்ன மாதிரியே கார் சோம்பேறி ஆகியிருந்தது, சாகவில்லை.

நன்றி சொல்லியிருக்க வேண்டும். நான் அந்த லாரிக்காரன் சிரிப்பைச் சுமந்துகொண்டு நேராகப் பட்டறைக்குப் போய்க் கத்தினேன். உங்க வயர் புடுங்கிக்கொண்டு வந்துவிட்டது, என்ன பெரிய வயர்மேன் என்றேன். அவர் வயர் நுனியைப் பார்த்தார்.

"இத இழுத்தியா?"

"இழுத்தேன்ணே."

அவர் அந்த நுனியை வெட்டி எறிந்தார். புதிதாக நசுக்கி, என்னிடம் நீட்டினார். இழுத்தேன். போய்ட்டு வா என்றார்.

பத்து நாள் கழித்து அந்தப் பக்கம் போனேன். பட்டறையில் ஒரு காரும் இல்லை. வந்தவர்களைத் திருப்பி அனுப்புகிறார் என்றார் அவர் மனைவி. உள்ளே தரையில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் வெட்டிய வயர்த் துண்டுகள், நூறு இருக்கும். மீன் நிறுக்கிற தொங்கு தராசில் ஒவ்வொன்றாக மாட்டி இழுத்துக்கொண்டிருந்தார்.

"இழுத்தும் வந்துருக்கேப்பா. அப்ப இத்தன வருசம் நான் என்னத்தக் கண்டேன்?"

இந்த மனிதர் டத்தோவை நம்பவில்லை, மாப்பிள்ளையை நம்பவில்லை, தன் கையையே நம்பவில்லை. நான் சொன்ன ஒரு பொய்யை நம்பிவிட்டார்.

"நான் இழுக்கவே இல்லண்ணே. வெயிலா இருந்துச்சு. சும்மா ஆச்சுன்னு சொன்னேன்."

தராசைக் கீழே வைத்தார். எழுந்தார். முகத்தில் ரத்தம் ஏறியது.

"டேய். பதிமூணு இழுத்த கை, ஒன்னுக்கு நோவுதா உனக்கு?"

அங்கே தொடங்கியவர் என் புத்தி, என் தலைமுடி, நான் கார் ஓட்டும் லட்சணம், எனக்கு லைசன்ஸ் கொடுத்தவன், என்னைக் கட்டிக்கொண்டவள் என்று ஒருவரையும் விடவில்லை. பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் வேலிக்கு வந்து நின்றார். அண்ணன் மனைவி ஜன்னலைத் திறந்து பார்த்து, சிரித்துக்கொண்டே மூடினார். அண்ணன் திட்டிக்கொண்டே தரையைப் பெருக்கினார், திட்டிக்கொண்டே குறட்டைத் தேடி எடுத்தார், திட்டிக்கொண்டே யாருக்கோ போன் போட்டு, நாளைக்குக் காலையில் காரைக் கொண்டுவரச் சொன்னார்.

என்னை ஒருவர் ஒரு வார்த்தை சொன்னால் நான் இரண்டு சொல்வேன். அன்றைக்கு அவர் நிறுத்திவிடுவாரோ என்றுதான் பயமாக இருந்தது.