'வா' என்றால் வராத ஆட்டுக்குட்டி

ஒரு காட்டில், ஓடைக்கு அந்தப் பக்கத்து மேட்டில், இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடம் ஒன்று நடந்துவந்தது. அதில் தன் ஒரே குட்டி லோகித்தைச் சேர்த்த நாளிலிருந்து செவலை என்ற ஆடு நிம்மதியாக ஒரு வாய் தழை தின்றதில்லை. சேர்ப்பதற்கு முன்பே வேலியில் ஓட்டை இருக்கிறதா, குடிக்கிற தண்ணீர் நல்ல தண்ணீரா, பக்கத்தில் உட்காரப்போகும் பன்றிக்குட்டிக்குச் சொறி உண்டா என்று எல்லாவற்றையும் போய்ப் பார்த்திருந்தாள். கோயில் கொடைத் திருவிழாவுக்கு அழைத்துப்போன அவள் கிடா திரும்பி வராத வீடு அது. பிள்ளையாவது படித்து முன்னுக்கு வரட்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இல்லை.

ஒருநாள் கொக்கு மிஸ் கூப்பிட்டு அனுப்பினார். இங்கிலீஷில் நாலு ரக வாக்கியம் இருக்கிறதாம். சும்மா ஒன்றைச் சொன்னால் ஸ்டேட்மெண்ட், கேட்டால் கொஸ்டின், ஏவினால் கமாண்ட், வியந்தால் எக்ஸ்கிளமேஷன். மிஸ் ஒரு வாக்கியம் சொன்னதும் அது என்ன ரகம் என்று குட்டிகள் கத்த வேண்டும். எல்லாக் குட்டிகளும் கத்துகின்றன, லோகித்தைத் தவிர.

"அவன் பதில் சொல்றான்மா," என்றார் மிஸ், ஒற்றைக்காலில் நின்றபடி. "'வாட் இஸ் யுவர் நேம்'னா கொஸ்டின்னு சொல்லணும். இவன் லோகித்ங்கிறான். 'சிட் டவுன்'னா உட்கார்ந்துடுறான். கிளாஸே சிரிக்குது."

செவலைக்குத் தலைகுனிவாகிப் போனது. வீட்டில் அப்படியெல்லாம் பழக்கவில்லையே என்று முனகினாள். ஆண்டு விழாவுக்குள் திருந்தாவிட்டால் கோழிக்குஞ்சுகளோடு எல்கேஜியில் போட்டுவிடுவதாக மிஸ் சொன்னார். விழாவுக்குத் தலைமை தாங்கப்போகிறவர் ஓநாய். அவரை அழைத்தது யார் என்று யாருக்கும் தெரியாது. வருவதாக அவரே சொல்லியனுப்பிவிட்டார், வேண்டாம் என்று சொல்லத்தான் ஆளில்லை. மேடையில் அவர் வாக்கியம் சொல்வார், குட்டிகள் ரகம் சொல்ல வேண்டும்.

திரும்பி வருகிற வழியெல்லாம் செவலை பிள்ளையைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

"பேரு கேட்டாங்கம்மா, அதான் சொன்னேன்," என்றான் லோகித்.

"கேட்டா சொல்லிடுவியா? யாருடா உனக்கு இதையெல்லாம் கத்துக்கொடுத்தது?"

அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. இரண்டாம் வகுப்போடு நின்றவள். அதனால் தமிழிலேயே பயிற்சியைத் தொடங்கினாள். பசிக்கிறதா என்று கேட்பாள். தலையாட்டினால் தழை கிடையாது, கொஸ்டின் என்றால்தான் கட்டு அவிழும். தண்ணீர் குடி என்பாள். குடித்தால் ஒரு முட்டு, கமாண்ட் என்று சொல்லிவிட்டு வறண்ட நாக்கோடு நின்றால் ஒரு முத்தம். ஒருநாள், மழை வருது, உள்ளே வா என்று கூப்பிட்டாள். முதலாவது ஸ்டேட்மெண்ட், அடுத்தது கமாண்ட் என்று பிரித்துச் சொல்லிவிட்டு லோகித் வாசலிலேயே நின்று தொப்பலாக நனைந்தான். செவலைக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது. சளி பிடித்துவிடுமே என்றும் வந்தது.

"என்ன செவலை, உன் பிள்ளை கூப்பிட்டா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேங்கிறான்?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டுச் செம்மறி சுருட்டையக்கா.

"படிக்கிறான்க்கா," என்றாள் செவலை.

விழா அன்று ஓநாய் மாலையும் துண்டுமாக மேடையேறினார். முன்வரிசையில் குட்டிகள் கொழுகொழுவென்று உட்கார்ந்திருந்தன. பார்த்ததும் அவருக்கு ஊறிய எச்சில் மாலையில் சொட்டியது. பின்வரிசையில் இருந்த செவலை அதைக் கவனித்தாள். தனக்கு எதைப் பார்த்தாலும் பயம்தான் என்று மனசை அடக்கிக்கொண்டாள்.

"ஐ ஆம் ஹங்ரி," என்றார் ஓநாய், மைக்கில்.

ஸ்டேட்மெண்ட் என்று குட்டிகள் கத்தின. கைதட்டல் எழுந்தது.

"கம் ஹியர்," என்றார், லோகித்தைப் பார்த்து.

கமாண்ட் என்று எழுந்து சொல்லிவிட்டு அசையாமல் நின்றான் லோகித். செவலை பெருமை தாங்காமல் சுருட்டையக்காவைக் கொம்பால் இடித்தாள்.

ஓநாய்க்குக் குழப்பமாக இருந்தது. அவர் வாயைத் திறந்தால் எதிரில் இருப்பது ஓடும். ஓடினால் துரத்துவார், துரத்தினால் சாப்பாடு. ஓடாத ஒன்றை எப்படிப் பிடிப்பது என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. எல்லாப் பல்லையும் காட்டி, உன்னைத் தின்னப்போகிறேன் என்று இங்கிலீஷில் உறுமிப் பார்த்தார். அதுவும் ஸ்டேட்மெண்ட்தான். விசில் பறந்தது.

செவலைக்கு அந்த வார்த்தைகள் புரியவில்லை. பல் புரிந்தது.

"லோகித்து, ஓடுடா," என்று எழுந்து கத்தினாள்.

லோகித் திரும்பி அம்மாவைப் பார்த்தான். "கமாண்ட்," என்றான். நின்ற இடத்திலேயே நின்றான். தமிழில் சொன்னால்கூடக் கண்டுபிடிக்கிறானே என்று கொக்கு மிஸ் கண்கலங்கினார்.

பிள்ளையை இழுத்துவரச் செவலை மேடையை நோக்கி ஓடினாள். அந்த மைதானத்தில் ஓடியது அவள் ஒருத்திதான். ஓநாய்க்கு உயிர் வந்தது. துண்டை எறிந்துவிட்டுப் பாய்ந்தார். பெற்றோருக்கான ஓட்டப்பந்தயம் தொடங்கிவிட்டது என்று எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். செவலை மைதானத்தைச் சுற்றி வந்து, மதிலில் தாவி, சைக்கிள் கொட்டகைக் கூரையில் குதித்து, அங்கிருந்து தண்ணீர்த் தொட்டியின் உச்சிக்கு ஏறிவிட்டாள். ஏறத் தெரியாத ஓநாய் கீழேயே உட்கார்ந்துகொண்டார்.

"ஐயோ, யாராவது காப்பாத்துங்களேன்," என்று அலறினாள்.

குட்டிகளில் பாதி எக்ஸ்கிளமேஷன் என்றன, பாதி கமாண்ட் என்றன. மிஸ் அதை வீட்டுப்பாடமாகக் கொடுத்துவிட்டுப் பரிசளிப்பை ஆரம்பித்தார். தலைவர் தொட்டியடியில் இருந்ததால் குட்டிகள் அங்கேயே வரிசையாகப் போயின. முதல் பரிசு லோகித்துக்கு. ஓநாய் மேலே பார்த்த கண்ணை எடுக்காமலே கோப்பையை நீட்டினார்.

பொழுது சாய்ந்தது, எல்லோரும் போய்விட்டார்கள். லோகித் மட்டும் கோப்பையோடு நின்றான். வீட்டுக்குப் போடா, இருட்டுது என்றாள் செவலை. முதலாவது கமாண்ட், அடுத்தது ஸ்டேட்மெண்ட் என்று சொல்லிவிட்டு அவன் அங்கேயே நின்றான்.

"சாப்பிட்டியாடா?" என்று மேலேயிருந்து கேட்டாள்.

"கொஸ்டின்," என்றான் லோகித்.

செவலைக்கு வயிறு நிறைந்துவிட்டது.

"கரெக்ட்," என்றார் ஓநாய்.

நீதி: பிள்ளையை நல்ல பள்ளியில் சேர்க்கப்போகும் தாய், வேலியையும் தண்ணீரையும் பார்த்தால் போதாது, தான் ஏறி நிற்க உயரமாக ஓர் இடம் அங்கே இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.