உள்ளங்கை அளவு மடவை

எதையும் அரைகுறையாகக் கற்றவனுக்குத்தான் உடனே நாலு பேருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று கை பரபரக்கும். முழுதாகக் கற்றவர்கள் சாப்பிட்டோமா, கையைக் கழுவினோமா என்று போய்விடுகிறார்கள்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்புதான் போனில் சத்துணவுப் பாடம் பார்த்து முடித்திருந்தேன். மாவுச்சத்து தெம்புக்கு, புரதம் தசைக்கு, கொழுப்பு அளவோடு, வைட்டமினும் தாது உப்பும் காய்கறியில். ஆகவே தட்டில் பாதி காய், கால் பங்கு சோறு, புரதம் உள்ளங்கை அளவு. (திருப்பாலைவனத்தில் நெல் விளைகிற வீட்டில் பிறந்து, சோற்றைக் குறைக்கச் சொன்ன முதல் ஆள் நான். அம்மா இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.)

இந்த ஞானத்தோடு கோட்டைக்குப்பத்துக்கு மறுவீட்டு விருந்துக்குப் போனேன். மாமனார் விடியுமுன்னே ஏரியில் வலை போட்டு, கிடைத்ததில் பெரிய மடவை மீனை விற்காமல் எனக்கென்று எடுத்து வந்திருந்தார். அத்தை அதை முழுசாக வறுத்து இலையில் வைத்தார். வாசலில் பாதிக் குப்பம் நின்று பார்த்தது.

நான் மீனின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தேன். இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தது. உதட்டைப் பிதுக்கினேன்.

என் மனைவி செல்வி தொடையில் கிள்ளினாள். "இன்னாங்க பண்றீங்க? ஏலத்துல வெலைய கொறைக்கிறவன்தான் இப்டி கைய வெச்சு அளப்பான்!"

மாமனார் முகம் சுருங்கிவிட்டது. "இன்னா மாப்ளே, மீனு சின்னதா கீதா?"

அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். "இல்ல மாமா, அளவு சரியில்ல. அதாவது புரோட்டீன்..." என்று பாடத்தை ஆரம்பித்தேன். அவர் "அளவு சரியில்ல" வரைதான் கேட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

தன் தம்பி வீட்டிலிருந்து கை நீளத்துக்கு ஒரு கொடுவா மீனோடு திரும்பினார். துண்டு போடக் கூடாது என்று அத்தைக்கு உத்தரவு. மாப்பிள்ளை அளக்க வேண்டுமாம். அது சட்டியில் அடங்காமல், வாலை வெளியே நீட்டியபடி வெந்தது. அதுவரை நான் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். (காய்க்கு ஒதுக்கிய பாதி இலையில் குழம்பு மாங்காய் ஒன்று தனியாகக் கிடந்தது.)

கொடுவா இலைக்கு வந்ததும் மாமனார் எதிரே வந்து நின்றார். "இப்போ அளந்து பாருங்க மாப்ளே." என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆளை எவ்வளவு நோகடித்திருக்கிறேன் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

அளக்கவில்லை. இரண்டு மீனையும் முள் தெரியும்வரை தின்றேன். கால் பங்கு சோறு என் இலைக்கு எத்தனை முறை வந்தது என்று தெரியாது. மாமனார் சிரிக்கிறவரை நிறுத்தவில்லை. பிறகு என்னைத் தூக்கிவிட இரண்டு பேர் வர வேண்டியிருந்தது.

இன்றைக்கும் கோட்டைக்குப்பம் ஏலத்தில் உள்ளங்கைக்குள் அடங்குகிற பொடி மீனுக்கு 'மாப்ளே சைஸ்' என்றுதான் பெயர். அந்தப் பெயரை உரக்கக் கூவி விற்பவர் என் மாமனார். பெரும்பாலும் பூனை வளர்ப்பவர்கள்தான் வாங்குகிறார்கள்.